நீ ருசி பார்க்காத சூப்

இன்று காலை பின்பக்கத்து மொட்டை மாடியில் குமுட்டி அடுப்பை மூட்டி, பரங்கிக்காயைப் பெரிய கீற்றுகளாக நறுக்கித் தணலுக்கு மேல் கம்பி வலையில் வைத்திருந்தேன். தோல் கருகத் தொடங்கிய நேரம். வாசனை கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மாள் பாதிப் படி ஏறி நின்று, "சார், என்னமோ தீயுது பாருங்க" என்றார். "தீயலைங்க. அப்படித்தான் செய்யணும். கருப்புலதான் உயிர் இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. எரிச்சலாக வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு நீ பேசுகிறாய். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னைப் புகழ்ந்து எழுதுவேன் என்று நினைக்காதே. புகழ உனக்கு ஆள் நிறைய உண்டு.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போனேன். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து சமையல் படிக்கக் கிளம்பி, பம்பாய்க்குப் போய், ஒரு பெரிய ஹோட்டலின் அடுப்படியில் முப்பது வருஷம் நின்றாய். உத்திர வீதியில் உங்கள் வீட்டுப் படியை வெங்காயமும் பூண்டும் தாண்டியதில்லை. நீயும் கடைசிவரை அவற்றை வாயில் வைத்ததில்லை. "நான் சாப்பிடாததைத்தான்டா முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாய். உனக்கு அது வேடிக்கை. எனக்கு அது பெருமையடிப்பதாகத்தான் கேட்டது. ருசி பார்க்காமலே சமைப்பேன் என்று ஒருவன் சொன்னால், ருசி பார்த்துச் சமைக்கிறவனை அவன் என்னவென்று நினைக்கிறான்?

ஏனென்றால் எங்கள் வீட்டில் சமையல் நான்தான். லூர்துவுக்கு முசிறிப் பக்கம் பள்ளிக்கூட வேலை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கல்யாணமான மறு மாதமே கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. லேத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அடுப்பையும் அப்படித்தான். கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். சரி என்று என் நாக்கு சொன்னால் இறக்குவேன். நாற்பது வருஷம் லூர்து அதைச் சாப்பிட்டாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நீ ஊர் திரும்பிய பிறகு எங்கள் காட்டூர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுப்படி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "உன் குழம்பைச் சாப்பிட்டா எமனே தண்ணி கேப்பான்டா" என்பாய். காபி மட்டும் குடித்துவிட்டுப் போவாய்.

லூர்துவுக்குத் தொண்டையில் புற்றுக் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சை. முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது வாயெல்லாம் புண். எச்சில் சுரக்கவில்லை. ருசி திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் எப்படியாவது சாப்பிட வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நான் வைத்த கஞ்சியை அவள் மண் என்றாள். ரசத்தை நெருப்பு என்றாள். பருப்புத் தண்ணீர் இரும்பு நக்குவதுபோல் இருக்கிறதாம். நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றைச் செய்து, ருசி பார்த்து, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் இரண்டு ஸ்பூன் விழுங்கிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனாள்.

அப்போதுதான் நீ இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாய். ஒரு கையில் குமுட்டி அடுப்பு, ஒரு கையில் பை. பையில் பரங்கிக்காய், கேரட், தக்காளி, சின்ன வெங்காயம், நான்கு முழுப் பூண்டு. உங்கள் வீட்டுத் துளசி கொஞ்சமும் கற்பூரவல்லி ஒரு கொத்தும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாய். என்னைக் கேட்கவில்லை. நேராக மாடிக்குப் போய்க் கரியைப் பற்றவைத்தாய்.

நான் மாடிப் பக்கம் திறக்கும் அடுப்படி வாசலில் நின்று உன் தப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காய்களின்மேல் நல்லெண்ணெய் தடவினாய். தீ அடங்கித் தணல் சாம்பல் பூத்த பிறகுதான் வலையில் வைத்தாய். பூண்டையும் வெங்காயத்தையும் தோலோடு போட்டாய். எல்லாம் கரிக்கட்டையாய் வந்ததைப் பார்த்து நான் குழாயடிக்கு எடுத்துப்போகக் கையை நீட்டினேன். கையில் ஓர் அடி வைத்தாய்.

"டேய், கழுவாதடா. இந்தக் கருப்புலதான் உயிர் இருக்கு. விரலால உரி, போறும்."

உரித்தது போக அங்கங்கே ஒட்டியிருந்த கருப்பை அப்படியே விட்டாய். பூண்டைப் பிதுக்கினால் வெண்ணெய்போல் வந்தது. எல்லாவற்றையும் மசித்து, சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வறுத்த தனியாவையும் சீரகத்தையும் துணியில் முடிந்து உள்ளே போட்டாய். மிளகாய் இல்லை. மிளகுகூட ஒன்றிரண்டுதான். கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டு, துளசியை ஒரு கொதியில் எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாய். பூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாய்.

பிறகு கரண்டியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி நின்றாய். அவ்வளவுதான் உன் பரிசோதனை. டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு லூர்து படுத்திருந்த அறைக்குப் போனாய். நான் போகவில்லை. சற்று நேரத்தில் வெளியே வந்து எதையோ சேர்த்தாய், மறுபடி போனாய். மூன்று முறை இப்படிப் போய் வந்தாய். நோயாளியிடம் கொஞ்சல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் டம்ளரின் அடியை ஸ்பூன் சுரண்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை நாள் அடுப்படியில் காத்து நின்றிருக்கிறேன் தெரியுமா? அது உன் சூப்புக்குக் கேட்டது.

வெளியே வந்து நீ என்னிடம் டம்ளரை நீட்டினாய். "ஒரு வாய் குடிச்சுப் பாரேன்டா. எப்படி இருக்குன்னு சொல்லு. எனக்குத் தெரியணுமே" என்றாய். பசி இல்லை என்றேன். பொய். அந்த வாசனையில் என் வயிறு அப்படி இரைந்தது. ஆனாலும் குடிக்கவில்லை. அன்றும் குடிக்கவில்லை, அதற்குப் பிறகும் குடிக்கவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாய். நடுவிலுள்ள நாளில் பாலும் டாக்டர் கொடுத்த மாவும்தான் அவளுக்கு. நீ வரும் நாளில் லூர்து தானாக எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டாள். வாசல் கதவு சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நான் மார்க்கெட்டுக்குப் போய் வந்து கதவைத் திறந்தாலும் அதே கழுத்து நீளும். நான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடும். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டியவனுக்கு இது என்ன புத்தி என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள். அவள்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது, உன்மேலும் கிடையாது. சூப்பின்மேல்தான் பொறாமை. நாற்பது வருஷம் போட்ட சோற்றை ஒரு டம்ளர் தூக்கி அடித்துவிட்டது.

அதனால் நீ வரும் நாட்களில் நான் வீட்டில் இருப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் முசிறி பஸ்ஸில் ஏறிக் கடைசிவரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்தால் குமுட்டியில் சாம்பல் அள்ளி, மாடி கூட்டி, பாத்திரம் கவிழ்த்து வைத்திருப்பாய். என் அடுப்படி உன்னால் சுத்தமாக இருப்பதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை. நீ என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று முதல் நாளுக்குப் பிறகு நான் ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. ஒரு நாள் நீயே, "கேளேன்டா, சொல்லித்தரேன்" என்றாய். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றேன்.

அப்புறம் அந்தக் காட்டூர் பஸ் ஸ்டாப். உன்னை வழியனுப்ப வந்தவன்போல் கூடவே நடந்து வந்தேன். லூர்துவுக்கு எடை கொஞ்சம் கூடியிருந்தது. இதுதான் சமயம் என்று தோன்றியது.

"இனிமே நீ வர வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

நீ கோபித்துக்கொண்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபித்து, இரண்டு நாளில் சமாதானமாகியிருப்போம். நீ கோபப்படவில்லை.

"சரிடா. தணல்ல வை, தீயில வைக்காத. மீதியை லூர்தும்மா சொல்லுவா."

இந்தக் கடைசிப் பேச்சிலும் உன் சூப்பைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று குத்துகிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறிவிட்டாய். குமுட்டி அடுப்பை எங்கள் மாடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாய்.

நான் குமுட்டியைத் தொடாமல் பாலையும் மாவையும் கொடுத்தே நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் உன் மகன் போன் செய்தான். குளித்துவிட்டு வந்து திருமண் இட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாயாம். ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். உன் வீட்டில் என்னை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அப்பாவுக்கு நீங்கள்தான் என்று உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உங்கள் அப்பாவை என் வீட்டுக்கு வராதே என்று சொன்னவன் நான் என்று அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பி லூர்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுதால் தொண்டை வலிக்கும் அவளுக்கு. வாயைத் திறக்காமல் அழுதாள்.

மறுநாளே நான் அடுப்பை மூட்டினேன். அதே பரங்கி, அதே பூண்டு, அதே கற்பூரவல்லி. முதல் நாள் பார்த்தது எனக்கு அப்படியே நினைவிருந்தது. லேத்தில் ஒரு தடவை பார்த்த அளவை மறந்தவன் இல்லை நான். கொதித்ததும் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தேன். மிளகு போதவில்லை, போட்டேன். உப்பு ஒரு சிட்டிகை. ஐயம் இல்லாமல் சொல்கிறேன், அருமையாக இருந்தது. உன் பம்பாய் ஹோட்டலில் வைத்தால் எழுந்து நின்று குடித்திருப்பார்கள். டம்ளரைக் கொண்டுபோய், "நல்லாத்தான் வந்திருக்கு, குடி" என்றேன். இரண்டு ஸ்பூன். முகம் சுவர்ப் பக்கம் போனது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. கூடிய எடை இறங்கியது. டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அதற்குள் வாய்வழியாகச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். லூர்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். குழாய் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம்.

பயம் எனக்கும்தான். ஆனால் என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று மத்தியானம் அவள் டம்ளரைத் தள்ளிவைத்தபோது, நான் நாற்பது வருஷத்தில் கேட்காத வார்த்தையைக் கேட்டேன்.

"செத்துப்போனவன் கைதான் வேணுமா உனக்கு? என் கை ஆகாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். குரல் கம்மிப்போய்க் காற்றாகத்தான் வரும் அப்போது. ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள்.

"அண்ணே என்னைக் கேட்டாருங்க. நீங்க கேக்கல."

என்ன கேட்டான் என்றேன். அவள் சொன்னாள். முதலில் உப்பே போடாமல்தான் கொண்டுவருவாயாம். ஒரு ஸ்பூன் கொடுத்து, உப்பு வேண்டுமா, எரிகிறதா, புளிப்பு படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாயாம். அவள் விரலைக் காட்டுவாளாம். போதும் என்றால் கையை மூடுவாளாம். நீ வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு மறுபடி வருவாயாம். அவள் நாக்கு ஒரு நாள்போல் ஒரு நாள் இல்லை. ஒரு நாள் உப்பு ஆகாது, இன்னொரு நாள் தக்காளி ஆகாது, ஒரு நாள் துளசி மட்டும் தெரியும். "எனக்குத்தான் ருசி பாக்க வழியில்லையே. நீங்கதான் என் நாக்கு, சொல்லுங்கோ" என்பாயாம்.

அதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"நீங்க ருசி பாத்துட்டு, நல்லாத்தான் வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டே கொண்டாந்து வைப்பீங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

கொஞ்சம் தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் நான் உன்னை வரவேண்டாம் என்று சொன்ன மறுநாள், நான் வெளியே போயிருந்தபோது, நீ அவளுக்குப் போன் செய்திருக்கிறாய்.

"இனிமே அவனே பண்ணுவான், உங்ககிட்ட கேப்பான், சொல்லிக்குடுங்கோன்னு அண்ணே சொன்னாரு. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் இத்தனை நாளும் பாத்துக்கிட்டிருந்தேன்."

என்னைப் பற்றிக் குறை சொன்னானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நீ குறை சொல்லியிருக்கலாம். உன்மேல் கோபப்பட எனக்கு ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம்.

மறுநாள் காய்களைச் சுட்டேன். கொதித்து வடிகட்டியதும் என் கை தானாக உள்ளங்கைக்குப் போனது. சொட்டு விழும் இடத்தில் கரண்டியை நிறுத்தினேன். நக்கிப் பார்த்தால் எனக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். வந்துவிட்டால் நான் விடமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டேன். உப்பில்லாமல், மிளகில்லாமல் கால் டம்ளர் ஊற்றி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். வாசலில் நின்றேன். இந்த வயதில் ஒரு கேள்வி கேட்பதற்குள் டம்ளரைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து நெடுநேரம் வைத்திருந்தாள்.

"உப்பு வேணாம். தக்காளி எரியுது. கஞ்சித் தண்ணி இன்னும் கொஞ்சம் விட்டுக் கொண்டாங்க."

போய் விட்டுக்கொண்டு வந்தேன். கற்பூரவல்லி போதவில்லை என்றாள். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். நாலாவது நடையில் என் முட்டி வலித்தது. நீ என்னைவிட இரண்டு மாதம் பெரியவன், உனக்கும் வலித்திருக்கும். கடைசியில் கையை மூடிக்காட்டினாள். முழு டம்ளர் இறங்கவில்லை. முக்கால் டம்ளர் குடித்தாள். குழாய் போடும் பேச்சு அடுத்த வாரம் ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

இப்போது லூர்து குழைந்த சோறும் சாப்பிடுகிறாள், இட்லியும் சாப்பிடுகிறாள். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அந்தச் சூப் வேண்டும். குரல் பாதி திரும்பிவிட்டது. அதனால் விரல் காட்டுவதில்லை, பழையபடி டீச்சராகத்தான் பேசுகிறாள். "இன்னிக்குச் சீரகம் தூக்கலா இருக்கு, போயி மாத்திக் கொண்டாங்க." நான் போகிறேன். முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறேன்.

போன வாரம் அவளிடம் கேட்டேன், என் சூப் நன்றாக இருக்கிறதா, உன் சூப் நன்றாக இருந்ததா என்று. யோசித்தாள். மெனக்கெட்டு யோசித்தாள். "அண்ணே செஞ்சது அண்ணே செஞ்சதுதாங்க" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். கூடவே ஒரு வார்த்தை எனக்காகச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. உன் பெயரைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பொறாமை குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். உயிரோடு இருந்தவனை வரவேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இப்போது உன்னிடம் எந்த பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்வது? அன்று நான் சொன்னதற்கும் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? இரண்டையும் ஒன்றாகத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். எது எவ்வளவு கனம் என்று பிரித்துப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். கரண்டியைச் சட்டிக்குள் போட்ட அந்த நாளுக்குப் பிறகு நான் அந்தச் சூப்பை ருசி பார்ப்பதில்லை. சட்டியின் அடியில் மிஞ்சுவதைக்கூட வழித்து வாயில் வைப்பதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன். லூர்து டம்ளரை நீட்டி, "ஒரு வாய் குடிங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அந்த ருசி கடைசிவரை தெரியாது. முதல் நாட்களில் நான் நக்கிப் பார்த்தது என் நாக்குக்குச் செய்தது; அவள் நாக்குக்குச் செய்வதன் ருசி எனக்கும் தெரியாமலே போகட்டும். அந்த ஒரு விஷயத்தில் நீ என்னைவிட மேலே இருக்க நான் விடுவதாக இல்லை.